நிரலும் நிரலிலா வேளையும்
திறந்தமூல மென்பொருளாளர் கூட்டங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

'நிரல்' என்பது வரிசை, ஒழுங்கு என்னும் பொருள் தரும் பழந்தமிழ்ச் சொல். சொல்லையும் பொருளையும் வரிசைப்பட நிறுத்திக் கூறுதலை நம் இலக்கண நூலார் நிரல்நிறை என்றனர். இக்காலத் தமிழில் இச்சொல் இரண்டு புதிய பணிகளை ஏற்றுள்ளது. கூட்டமொன்றில் எது முன்னர், எது பின்னர் நிகழும் என்று காட்டுவது நிகழ்ச்சிநிரல். கணினி எதனை முன்னர், எதனைப் பின்னர் செய்தல் வேண்டும் என்று கட்டளையிடும் எழுத்தும் நிரலே. கணினிக்கு நிரல் எழுதுவோரை நிரலாளர் என்கிறோம். நாள் முழுதும் கணினிக்கு நிரல் வகுக்கும் இவர்கள், தாம் ஓரிடத்திற் கூடும்போது தம்முடைய நேரத்துக்கு நிரல் வேண்டுமா, வேண்டாவா என்று பல்லாண்டாக வழக்காடி வருகின்றனர் என்பது வியப்புக்குரியது.

திறந்தமூல மென்பொருள் என்பது, ஆக்கியோன் தன் மூலநிரலை மறைத்து வையாது, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடும் மென்பொருளாகும். லினக்ஸ் இயங்குதளமும், பயர்பொக்ஸ் உலாவியும், நம் மாணவர் நாடோறும் புரட்டும் விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளும் இவ்வினத்தன. இவற்றை ஆக்குவோர் பல நாட்டினர். அவருட் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாது, மின்மடல் வழியாகவே ஆண்டுக்கணக்கில் ஒன்றித் தொழில் செய்பவர். அத்தகையோர் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாள்கள் மட்டும் நேரிற் சந்திப்பாராயின், அந்நாள்களின் ஒவ்வொரு நாழிகையும் அரியது. அதனை உரைகளால் நிரப்புவதா? அன்றி, வெறுமையாக விட்டு, அவரவர் விரும்பியவரோடு அமர்ந்து வேலை செய்ய விடுவதா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை யாது என்பதனையும், அவ்விடை நம் கிழக்கிலங்கைக்கு எவ்வாறு பொருந்தும் என்பதனையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழறிஞர் கண்ட இரு கூட்டங்கள்

இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. பொதுவுடைமையான அறிவுப் பொருளொன்றைப் பலர் கூடி ஆக்கும் இடமெல்லாம் இது தோன்றும். தமிழ் வரலாற்றிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளை முதலில் நோக்குவோம்.

மட்டக்களப்புப் பிரதேசம் ஈன்ற பேரறிஞர் விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்தவர். அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கும்பொருட்டுச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1936ஆம் ஆண்டு கூட்டிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. அம்முயற்சியின் பயனாகிய கலைச்சொற்றொகுதி 1938ஆம் ஆண்டு வெளிவந்தது. கலைச்சொல்லாக்கமும் திறந்தமூல மென்பொருளாக்கமும் ஒருபுடை ஒப்பன. இரண்டிலும் பலர் உழைக்கின்றனர். பயன் அனைவர்க்கும் உரியதாகின்றது. எவரும் தனியுரிமை கொண்டாடுவதில்லை. இத்தகைய வேலைக்குத் தலைவரும் துறைவாரியான ஒழுங்கும் இன்றியமையாதன. ஒழுங்கின்றிக் கூடியிருப்பின், வேதியியற்காரர் ஒரு சொல்லையும் தாவரவியற்காரர் வேறொரு சொல்லையும் ஒரு பொருளுக்கே வழங்கிச் சென்றிருப்பர். நிரலின் பெருமைக்கு இம்மாநாடு சான்றாகும்.

மற்றையது நிரலுக்குப் புறம்பான வேளையின் பெருமையைக் காட்டுவது. 1964ஆம் ஆண்டு சனவரியிற் புதுடில்லியில் அனைத்துலகக் கீழைத்தேயவியலாளர் மாநாட்டின் 26ஆவது கூட்டம் நடைபெற்றது. அதற்கு வந்திருந்த தமிழாய்வாளர் தனியே ஒன்றுகூடி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். அதற்கு முன்னின்றவர் ஊர்காவற்றுறைப் பகுதியிற் பிறந்து, அக்காலை மலாயாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சேவியர் தனிநாயகம் அடிகள். இரண்டாண்டின் பின், 1966ஆம் ஆண்டு ஏப்பிரலில், மன்றத்தின் முதலாவது மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. டில்லி மாநாட்டிற் படிக்கப்பெற்ற கட்டுரைகள் பல இன்று நூலக அடுக்குகளில் உறங்குகின்றன. அதன் ஓரத்தில் நிகழ்ந்த சந்திப்போ தமிழாராய்ச்சியின் போக்கினையே மாற்றியது. எனினும் ஒன்று கருதத்தக்கது. பெருமாநாடு என்னும் நிரல் அவ்வறிஞரை ஒரு நகருக்கு வரவழைத்திராவிடின், அச்சிறு சந்திப்பும் நிகழ்ந்திராது.

மேனாட்டு வரலாறு

நிரலாளர் கூட்டங்களின் வரலாற்றை 1974ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். பெல் ஆய்வுகூடத்தார் தமது யுனிக்ஸ் இயங்குதளத்தை மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்கு வழங்கினர். ஆனால் அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றிலர். பழுது நேரின் பயன்படுத்துவோரே ஒருவர்க்கொருவர் துணையாதல் வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மே மாதம் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ இரண்டு டசின் பேர் கூடினர். யூசெனிக்ஸ் எனப் பின்னர்ப் புகழ்பெற்ற கழகத்தின் வித்து அதுவே. அத்துணைச் சிறிய கூட்டத்தில் மேடைக்கும் தாழ்வாரத்துக்கும் வேற்றுமை பெரிதில்லை. ஆள் பெருகிய பின்னரே கட்டுரைத் தெரிவுக் குழுவும், மணிக்கணக்கும், தலைவர் அடிக்கும் மணியும் வந்தன.

நிரல் இறுகியபோது அதற்கு எதிர்வினையும் தோன்றிற்று. ஹரிசன் ஓவன் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டு பெரிய மாநாடொன்றினை ஓராண்டு உழைத்து ஒழுங்கு செய்தார். முடிவில், வந்தவரெல்லாம் புகழ்ந்தது தேநீர் இடைவேளைகளையே. அவற்றை மட்டுமே அவர் திட்டமிட்டிருக்கவில்லை. இதனால் தெளிவு பெற்ற ஓவன், 1985ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் மொன்ரரே நகரில், பேச்சாளர் பட்டியல் இல்லாத கூட்டமொன்றை நடத்தினார். வந்தவர் வட்டமாக அமர்ந்தனர். பேச விரும்பும் பொருளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினர். விரும்பிய குழுவிற் சேர்ந்தனர். கற்கவும் கற்பிக்கவும் இயலாத இடத்தில் இருப்பவன் தன் இரு கால்களைப் பயன்படுத்தி வேறிடம் செல்க என்பது அவர் வகுத்த விதி. இம்முறை 'திறந்தவெளி' எனப்பட்டது. இதனைக் கட்டற்ற முறை என்று கூறுவோர், வட்டமும், சுவரும், சுவரிற் குறித்த நேரமும் இடமும், இருகால் விதியும் கட்டுகளே என்பதை மறந்துவிடுகின்றனர். ஓவன் இடைவேளைக்கு ஒரு சட்டகம் அமைத்தார் என்பதே பொருந்தும்.

'திறந்தமூலம்' என்னும் பெயரே இருவகை வேளைக்கும் இடைப்பட்ட ஓரிடத்திற் பரவியது. 1998ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கலிபோர்ணியாவிற் சிலர் கூடி, இவ்வியக்கத்தை வணிக உலகுக்கு எவ்வாறு எடுத்துரைப்பது என்று ஆலோசித்தனர். கிறிஸ்ரீன் பீற்றர்சன் என்னும் அம்மையார் இப்பெயரை முன்னரே எண்ணி வைத்திருந்தார். ஆயினும் அது ஒரு பிரேரணையாக முன்மொழியப்படவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் வேறெதனையோ பேசும்போது அச்சொல்லை இயல்பாக வழங்கினார். சற்றுப் பின்னர்ப் பிறரும் வழங்கத் தொடங்கினர். வாக்கெடுப்புக்கு விட்டிருப்பின் ஒருவேளை மறுக்கப்பட்டிருக்கக்கூடிய சொல், பேச்சோட்டத்தில் வேரூன்றிவிட்டது.

1999ஆம் ஆண்டு யூனில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தார் பதின்மர் கனடாவின் கல்கரி நகரிற் கூடினர். மறைகுறியீட்டு மென்பொருளை ஏற்றுமதி செய்வதற்கு அமெரிக்கச் சட்டம் தடை விதித்திருந்தமையால், அந்நாட்டுக்கு வெளியே கூடவேண்டியதாயிற்று. சொற்பொழிவு எதுவுமின்றி ஒரே கூரையின் கீழிருந்து நிரல் எழுதுதலே அவர்தம் வேலை. இதற்கு 'ஹக்கத்தோன்' என்று பெயரிட்டனர். இன்று பரிசுக்கும் விளம்பரத்துக்குமாக நடத்தப்பெறும் போட்டிகளுக்கும் இப்பெயர் வழங்குகின்றது. தொடக்கத்தில் அது போட்டியன்று, கூட்டுழைப்பு. 2003ஆம் ஆண்டு ஓரைலி என்னும் பதிப்பகத்தார் அழைக்கப்பட்டவர்க்கு மட்டுமான பூக்காம்ப் என்னும் ஒன்றுகூடலைத் தொடங்கினர். அழைப்புப் பெறாதோர் 2005ஆம் ஆண்டு ஆகத்தில் யாவர்க்கும் திறந்த பார்காம்பை ஒரு வார காலத்துக்குள் ஒழுங்கு செய்து நடத்தினர். அடுத்த ஆண்டே அம்முறை சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

இருவகை வேளையையும் நிலையாக இணைத்தவருள் டெபியன் இயங்குதளத்தாரைச் சிறப்பித்துக் கூறலாம். 2000ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் தொடங்கிய அவர்தம் ஆண்டு மாநாட்டுக்கு முன்னதாக, உரைகளில்லாத வேலைக் கிழமையொன்றும் நடத்துவது பின்னர் வழக்காயிற்று. உரைகளுக்குரிய நாள்களிலும் சில வேளைகளை வெறுமையாக விட்டு, வந்தவர் அங்கேயே குறித்துக்கொள்ளும் அமர்வுகளுக்கு இடமளிப்பர். 2023ஆம் ஆண்டு செத்தெம்பரில் அம்மாநாடு கேரளத்தின் கொச்சியில் நிகழ்ந்தபோதும் இவ்வொழுங்கே பின்பற்றப்பட்டது. முதற் கிழமை கைக்கு. அடுத்த கிழமை செவிக்கு எனலாம்.

தமிழ்க் கணிமையும் மாநாடுகளும்

கணினியிற் தமிழ் புகுந்த வரலாற்றிலும் இதே இழுபறியைக் காண்கின்றோம். 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில், பேராசிரியர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால், தமிழிணைய மாநாடுகளுள் முதலாவது நடைபெற்றது. அக்காலத்தில் ஒருவர் தட்டெழுதிய தமிழை மற்றொருவர் கணினி காட்டாது. எழுத்துரு தோறும் குறியீடு வேறு, விசைப்பலகையும் வேறு. மாநாட்டின் பின்னர்ப் பல நாட்டுத் தமிழர் மின்மடல் வழியாக நீண்ட காலம் வாதாடி 'திஸ்கி' என்னும் குறியீட்டை உருவாக்கினர். 1999ஆம் ஆண்டு பெப்ரவரியிற் சென்னையில் நடந்த இரண்டாவது மாநாடோ அரசின் ஆதரவுடையது. தமிழ்99 விசைப்பலகையும், 'தாம்', 'தாப்' என்னும் குறியீடுகளும் அதன் விளைவாக அரசின் ஏற்பினைப் பெற்றன. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது.

இவற்றின் பயன் யாது? தமிழ்99 விசைப்பலகை இன்றும் வழக்கிலிருக்கின்றது. 'தாம்', 'தாப்' குறியீடுகளோ எல்லோராலும் ஏற்கப்படவில்லை. வெளிநாட்டுத் தமிழர் பலர் திஸ்கியையே தொடர்ந்து வழங்கினர்; ஒருங்குறி பரவிய பின்னரே பிணக்குத் தீர்ந்தது. மேடையிற் பெற்ற முடிவு, மேடைக்கு வெளியே இருந்தோரை உடன்படுத்தினாலன்றி நிலைபெறாது என்னும் பாடம் இதனால் விளங்கும். அரசாணை விரைவு தரும். உடன்பாட்டைப் பொறுமையான பேச்சே தரவேண்டும்.

சகானா: நிரலின்றித் தொடங்கிய வேலை

இலங்கையில் இவ்வரலாற்றின் உச்சம் ஒரு பேரிடரோடு பிணைந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையை அழித்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை எனக் கிழக்குக் கரை நெடுகப் பிணக்காடாயிற்று. காணாமற்போனோர் யார், எம்முகாமில் எவர் உளர், எவ்வூருக்கு எப்பொருள் தேவை, எந்நிறுவனம் எங்கே பணிபுரிகின்றது என்பன அறியப்படாமையால், வந்த உதவியும் சேரவேண்டியவரைச் சேரத் தாமதித்தது. அந்நிலையிற் கொழும்பு நிரலாளர் பலர் தாமாகவே கூடி, இரவு பகலாக எழுதிய மென்பொருளே 'சகானா'. சிங்களத்தில் இச்சொல் நிவாரணம் என்று பொருள்படும். 2003ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற லங்கா சொப்ற்வெயார் பவுண்டேசன் அதற்குப் புகலிடமாயிற்று.

அக்கூட்டத்துக்கு அழைப்பிதழுமில்லை, நிகழ்ச்சிநிரலுமில்லை, இடரே நிரலாயிற்று. சில வாரங்களிற் பயன்படத்தக்க மென்பொருள் உருவாயிற்று. கட்டற்ற வேளையின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயின் கதை அத்துடன் முடியவில்லை. அவசரத்தில் எழுதிய நிரலைப் பிற நாட்டார் பிறிதோர் இடரில் அப்படியே எடுத்தாளல் இயலாதிருந்தது. ஆகவே 2005ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டு உதவியுடன், திட்டம் வகுத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, அடித்தளத்திலிருந்து அதனை மீண்டும் எழுதினர். அவ்வாறு எழுதிய பின்னரே பாகிஸ்தானின் 2005ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும், பிலிப்பைன்சின் 2006ஆம் ஆண்டு மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகநலத் திட்டங்களுக்கு வழங்கும் 2006ஆம் ஆண்டு விருதும் சகானாவுக்குக் கிடைத்தது. நிரலிலா வேளை அதனைப் பிறப்பித்தது. நிரலுடைய வேளை அதனை வளர்த்தது.

கட்டற்ற வேளை யாருக்கு உரியது?

இதுகாறும் கூறியவற்றால், உரைகளைக் குறைத்து ஓய்வான வேளையைக் கூட்டுதலே சிறப்பு என்று சிலர் முடிபு கொள்வர். இன்றைய எழுத்தாளர் பலரும் அவ்வாறே கூறுகின்றனர். இம்முடிபு முழுவதும் ஏற்கத்தக்கதன்று. ஜோ பிறீமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1970ஆம் ஆண்டு பெண்கள் இயக்கத்தாரிடையே நிகழ்த்திய உரையொன்றில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். அமைப்பில்லாத குழு என ஒன்று உலகில் இல்லை. வெளிப்படையான அமைப்பை நீக்கினால், நண்பர் கூட்டத்தின் மறைவான அமைப்பு அவ்விடத்தை நிரப்பும். விதிகள் எழுதப்படாதபோது அவற்றை அறிந்தவர் சிலரே ஆள்வர் என்பது அவர் கருத்து.

கிழக்கிலங்கை மாணவர் நிலையை நோக்கின் இவ்வுண்மை நன்கு விளங்கும். காத்தான்குடியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவுப் பேருந்திலோ புகைவண்டியிலோ சென்று சேரும் மாணவனுக்கு அங்கே அறிமுகமானவர் எவருமிலர். உரை நிகழும் வேளையில் அவனுக்கு ஓர் ஆசனமுண்டு. கையுயர்த்தின் வினவ உரிமையுண்டு. அவன் பெயர் நிரலில் இருப்பின் இருபது நிமிடம் அவனுடையது. தேநீர் வேளையிலோ பழகியவர் பழகியவரோடு வட்டமாக நிற்பர். பேச்சு ஆங்கிலத்தில் ஓடும். தமிழில் மட்டும் சிந்திக்கப் பழகியவன் சுவரோரம் நின்று கோப்பையைக் காலி செய்வான். முடிபுகள் இரவு விருந்தின் பின்னர்ப் பேசப்படுமாயின், மஃரிபுக்கு முன் வீடு திரும்பவேண்டிய மாணவிக்கு அதிற் பங்கேயில்லை. நிரல் எளியவர்க்கு அரண் என்பதை இவ்விடத்தில் உணர்கின்றோம்.

இழப்பு அம்மாணவர்க்கு மட்டுமன்று. சிறு எடுத்துக்காட்டொன்று தருதும். ஈழத்தில் நாம் 'பெப்ரவரி' என்று எழுதுகின்றோம். தமிழைத் தேர்ந்த கணினிகளோ பெரும்பாலும் 'பிப்ரவரி' என்றே காட்டுகின்றன. மாதப் பெயரும், கட்டளைச் சொல்லும், எழுத்துப் பிழை திருத்தியின் சொற்பட்டியலும் எவரோ சிலர் மேசையைச் சூழ்ந்திருந்து தெரிந்தவை. அம்மேசையில் மட்டக்களப்பார் ஒருவரேனும் இருந்து பேசாவிடின், நம் பிள்ளைகள் எழுதும் நற்றமிழைக் கணினி பிழையென்று சிவப்புக் கோடிட்டுக் காட்டும்.

இக்குறைக்கு மருந்துகளும் அனுபவத்தாற் காணப்பட்டுள்ளன. எரிக் ஹோல்ஷர் என்னும் நிரலாளர் 'பக்மன் விதி' என்றொன்றைப் பரப்பினார். கூடி நின்று பேசுவோர் வட்டத்தை முழுவதும் மூடாது, வாய் திறந்த பக்மன் உருவைப் போல, இன்னும் ஒருவர் வந்து நிற்க இடைவெளி விடல் வேண்டும் என்பதே அவ்விதி. அப்பாச்சி அறக்கட்டளையாரோ, எங்கே பேசினும் மின்மடற் பொதுக்குழுவிற் பதியாத முடிபு முடிபாகாது என்று கொள்கின்றனர். இலங்கை நிரலாளர் பலர் இந்நிறுவனத்தின் திட்டங்களில் உழைத்துப் பெயர் பெற்றமைக்கு இவ்விதி பெரிதும் துணைசெய்தது எனலாம். தொலைவிலிருப்போரையும் அது சபையிலிருத்துகின்றது.

நம் பிரதேசத்துக்கு ஒரு நேரசூசி

மட்டக்களப்பு வாவியை அறிந்தோர்க்கு இவ்வரலாற்றின் சாரம் எளிதிற் புலனாகும். கோடையில் மணற்றிடல் முகத்துவாரத்தை அடைத்து நிற்கும். மாரியில் நீர் பெருகி வயல்களை மூடத் தொடங்கின் அத்திடலை வெட்டி விடுவர். கரையின்றி வாவியில்லை, வாய் வெட்டாவிடின் வயலில்லை. வெட்டும் காலத்தை அறிதலே திறமை.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், பெருநகர வசதிகளின்றி வாழும் நம் மாணவர்க்கு மூன்று நாள் மாநாடு கைகூடுதல் அரிது. ஒரு நாட் கூட்டமே இயல்வது. அதனைப் பின்வருமாறு பகுத்தல் நன்று. முற்பகல் நிரலுக்கு உரியதாகுக: ஒவ்வொருவரும் தம் பெயரும் ஊரும் தாம் அறிந்ததும் அறிய விரும்புவதும் கூறுக, பின்னர் இரண்டு உரைகள் போதும், அவையும் தமிழில் நிகழ்க, அவற்றுள் ஒன்று முதன்முறை மேடையேறுவோர்க்கு ஒதுக்கப்படுக. ளுஹர்த் தொழுகையும் பகலுணவும் முடிந்தபின் அஸர் வரை வேளை கட்டற்றதாகுக. அப்போதும் சுவரில் ஒரு தாள் இருத்தல் வேண்டும். எம்மேசையில் எவ்வேலை என்பதை வேண்டியோர் அதில் எழுதுக. மேசை தோறும் புதியவர் ஒருவர்க்கேனும் ஆசனம் வெறுமையாக விடப்படுக. இறுதி ஒரு மணி மீண்டும் நிரலுக்கு உரியது. மேசைகளிற் கண்ட முடிபுகளை அனைவரும் கேட்க உரைத்து, எழுதி, வராதோர்க்கும் அன்றே அனுப்புதல் வேண்டும். ஞாயிறு மறையுமுன் கூட்டம் கலைக.

பாடசாலை நேரசூசி வகுத்துப் பழகியோர்க்கு இது புதியதன்று. பாடவேளை மட்டுமே கொண்ட நேரசூசியாற் பிள்ளை வாடும். இடைவேளை மட்டுமே கொண்டதாற் பலமுள்ள பிள்ளையே முற்றத்தை ஆளும். ஆகவே இடைவேளையையும் நேரசூசியில் எழுதி, முற்றத்திலும் ஓர் ஆசிரியரை நிறுத்துகின்றோம். நிரலாளர் கூட்டங்கள் அரை நூற்றாண்டு அலைந்து கண்ட உண்மையும் இதுவே: வெறுமையான வேளையையும் நிரலில் எழுதிக் காத்தல் வேண்டும். இக்கல்லூரியின் பழைய மாணவருட் கணினித்துறையிற் பணிபுரிவோர் இதனைக் கருத்திற் கொண்டு, தமிழ் நாடும் முஸ்லிம் மாணவரும் இந்து மாணவரும் ஒருங்கே அமரத்தக்க அத்தகைய ஒரு நாளை வாவிக்கரையில் ஆண்டுதோறும் கூட்டுவாராயின், நாளைய தமிழ்க் கணினியில் நம் ஊர்ச் சொல்லும் இடம்பெறும்.